தன் பிழையை அறிந்த இரட்டை



2023 ஜூலை 13 அன்று தில்லி பழைய ரயில் பாலத்தருகே யமுனையின் நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. அபாய அளவு 205.33 மீட்டர். அதற்கு முன் பதிவான உச்சம் 1978-இல் கண்ட 207.49 மீட்டர். நாற்பத்தைந்து ஆண்டுகளாக நின்ற அந்த உச்சத்தை நதி ஒரு மீட்டருக்கும் மேலாகத் தாண்டிச் சென்றது. செங்கோட்டையின் மதிலோரம் வெள்ளம் நின்றது. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கரையோர மக்கள் ஆயிரக்கணக்கில் கூடாரங்களுக்குப் போனார்கள். அந்த வெள்ளத்துக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஹரியாணாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையிலிருந்து விநாடிக்கு 8.28 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டபோது தில்லியில் மட்டம் 206.60 மீட்டர்தான் போனது. 2023-இல் திறப்பின் உச்சமே 3.59 லட்சம் கன அடி. பாதிக்கும் குறைவான திறப்பு, இரண்டு மீட்டர் கூடுதல் உயரம். மேலிருந்து வரும் தண்ணீரைக் கொண்டு கீழே உயரும் மட்டத்தைச் சொல்லும் கணித மாதிரி ஒன்றை 2019-இன் அளவீடுகளைக் கொண்டு மட்டும் செதுக்கி வைத்திருந்தால், அது 2023-இல் நம்மைக் கைவிட்டிருக்கும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட டிஜிட்டல் இரட்டைத் தொழில்நுட்பத்தின் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் கிடக்கிறது.

டிஜிட்டல் இரட்டை என்பதற்கு மூன்று உறுப்புகள் உண்டு. ஓர் எஞ்சின், ஒரு மின்கட்டம், ஒரு நதி, ஒரு நகரம் என உண்மையில் இருக்கும் பொருளின் கணித மாதிரி ஒன்று கணினிக்குள் இயங்குகிறது. அந்தப் பொருளின் மேல் பொருத்திய உணரிகள் அனுப்பும் அளவீடுகள் மாதிரியை இடைவிடாமல் திருத்துகின்றன. திருத்தப்பட்ட மாதிரி சொல்வதை வைத்து அந்தப் பொருளின் மேல் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் படம், அல்லது வெறும் கணக்கு. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13-இன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது, தரையிலிருந்த பாவனைக் கலங்களை அடிபட்ட விண்கலத்தின் நிலைக்கு மாற்றியமைத்து நாசா தீர்வுகளைச் சோதித்தது இந்தச் சிந்தனையின் முன்னோடி. 2002-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் இதைத் தொழிற்சாலைப் பொருள்களுக்கான ஒரு கருத்தாக வகுத்தார். 2024 பிப்ரவரியில் இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ‘சங்கம்’ என்ற பெயரில் உள்கட்டமைப்புத் திட்டமிடலுக்கான டிஜிட்டல் இரட்டை முயற்சியைத் தொடங்கியது. நகராட்சிகளின் ஒப்பந்த ஆவணங்களிலும் இந்தச் சொல் இப்போது இடம்பெறுகிறது. அதனாலேயே இதை நிறுத்தி நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது. என் வாதம் இது: தன் கணிப்பு எவ்வளவு தவறக்கூடும் என்று சொல்லத் தெரியாத மாதிரி டிஜிட்டல் இரட்டை என்ற பெயருக்கு உரியதன்று. பிழையை அளப்பது, பதிவது, வெளியிடுவது ஆகிய மூன்றுமே இத்தொழில்நுட்பத்தின் மையமான கணிதச் சவால். மையமான தொழில் சவாலும் அவையே.

இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை. கணிதமே இதைக் கேட்கிறது. 1960-இல் ருடால்ஃப் கால்மன் வெளியிட்ட வடிகட்டி முறை இத்துறையின் அடித்தளம். அப்பல்லோ கலங்களுக்கு வழி காட்டியதும் அதுவே. அதன் உட்பொருளைச் சிறிய எண்களில் காட்டலாம். ஓர் எடுத்துக்காட்டுக்காக, நதியின் மாதிரி நீர்மட்டம் 205.9 மீட்டர் என்று சொல்வதாகவும், அதன் பிழை 0.4 மீட்டர் அளவில் இருப்பதாகவும் கொள்வோம். பாலத்து அளவுமானி 206.3 மீட்டர் என்கிறது. அதன் பிழை 0.1 மீட்டர். எதை நம்புவது? இரண்டையும் நம்பு, ஆனால் பிழையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் எடை கொடு என்கிறார் கால்மன். மாதிரிக்கு ஒரு பங்கு, மானிக்குப் பதினாறு பங்கு. சேர்த்துப் பார்த்தால் மதிப்பீடு சுமார் 206.28 மீட்டர். இங்கே கவனிக்க வேண்டியது, பிழையின் அளவு கணக்கின் முடிவில் ஒட்டப்படும் அடிக்குறிப்பாக இல்லை. அது கணக்குக்குள் நுழையும் எண். அது தெரியாவிட்டால் கணக்கே போட முடியாது. மானியைச் சேறு மூடி அதன் பிழை 0.4 ஆகிவிட்டது, நாம் 0.1 என்றே கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்றால், சூத்திரம் முகம் சுளிக்காமல் தவறான விடையை மிகுந்த உறுதியோடு தரும். மாறிகள் பெருகும்போது சிக்கலும் பெருகுகிறது. பத்து லட்சம் மாறிகள் கொண்ட நகர மாதிரியில், எந்தப் பிழை எந்தப் பிழையோடு சேர்ந்து அசைகிறது என்று சொல்லும் உடன்மாறுபாட்டு அணியில் லட்சம் கோடி எண்கள் இருக்கும். அதை முழுதாகக் கையாள்வது பெருங்கணினிக்கும் பெரும்பாடு. ஒரே மாதிரியைச் சற்றே மாறுபட்ட தொடக்க நிலைகளோடு பல பிரதிகளாக ஓட்டி, அவற்றின் சிதறலிலிருந்து பிழையை மதிப்பிடும் வழியை நார்வே நாட்டின் கெய்ர் எவென்சன் 1994-இல் காட்டினார். வானிலை மையங்கள் இன்று இத்தகைய வழிகளில்தான் நடக்கின்றன.

இனி யமுனைக்குத் திரும்புவோம். திறந்த கால்வாயில் நீர் ஓடும் விதத்தைச் சொல்லும் செயின்ட் வெனன்ட் சமன்பாடுகள் 1871-ஆம் ஆண்டிலிருந்து நம் கையில் இருக்கின்றன. சமன்பாடு தெரியும், அதற்குள் இட வேண்டிய எண்கள் தெரியாது. ஆற்றுப் படுகையின் சொரசொரப்பைக் குறிக்கும் மானிங் குணகத்தை எந்தக் கருவியாலும் நேரடியாக அளக்க முடியாது. பார்த்த நீர்மட்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஊகிக்க வேண்டும். 2023-இல் மட்டம் ஏறியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். படுகையில் வண்டல் ஏறியிருந்தது. வெள்ளச் சமவெளியைக் கட்டுமானங்கள் நெருக்கியிருந்தன. ஐ.டி.ஓ. தடுப்பணையின் 32 மதகுகளில் ஐந்து திறக்க முடியாதபடி அடைபட்டிருந்தன. ஜூலை 9 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தில்லியில் மட்டும் 153 மில்லிமீட்டர் மழை பெய்திருந்தது. மேலேயிருந்து பெருந்திறப்பு நீண்ட நேரம் தொடர்ந்தது. இத்தனை காரணங்கள், கையில் இருக்கும் முதன்மையான சாட்சி, ஒரு பாலத்தில் எடுத்த நீர்மட்டம். சொரசொரப்பைக் கூட்டினாலும் அதே மட்டம் வரும், படுகையைக் குறுக்கினாலும் அதே மட்டம் வரும். ஒரு சிக்கலுக்குத் தீர்வு இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், உள்ளீட்டில் சிறிது மாறினால் தீர்வும் சிறிதே மாற வேண்டும் என்று ஹடமார்ட் என்ற பிரெஞ்சுக் கணிதர் 1902-இல் மூன்று நிபந்தனைகளை வைத்தார். பின்னோக்கிய கணக்குகள் பெரும்பாலும் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தோற்கின்றன. எனவே பழைய தரவோடு கச்சிதமாகப் பொருந்துவது மாதிரி சரி என்பதற்குச் சான்றாகாது. தவறான காரணத்தாலும் சரியான எண் வரும். அடுத்த ஆண்டு காரணம் மாறும்போதுதான் குட்டு வெளிப்படும். இதைத் தடுக்க, மாதிரிக்கும் இயற்கைக்கும் இடையே எப்போதும் இருக்கும் விலகலையே தனியொரு அறியாத அளவாக வைத்துக் கணக்கிட வேண்டும் என்று 2001-இல் கென்னடி, ஓஹேகன் என்ற இரு புள்ளியியலாளர் வழி வகுத்தனர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகியும் பொறியியல் ஒப்பந்தங்களில் அந்த வரியைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது.

நதி ஒன்று. நகரத்தின் மழைநீர் வடிகால் நூறு. தில்லியின் வடிகால் பெருந்திட்டம் 1976-இல் வரையப்பட்டது. அதன் பின் நகரம் பல மடங்கு பெருகியது. புதிய திட்டத்துக்கான பொறுப்பு ஐ.ஐ.டி. தில்லிக்குக் கொடுக்கப்பட்டது, நஜஃப்கர், பாராபுல்லா, யமுனைக்கு அப்பாற்பட்ட பகுதி என மூன்று வடிநிலங்களாகப் பிரித்துக் கணினியில் வெள்ள ஓட்டத்தை உருவகித்து 2018-இல் அறிக்கை தந்தார்கள். 2021-இல் அரசின் தொழில்நுட்பக் குழு அதை ஏற்கவில்லை. தரவுகளில் முரண்பாடுகள் இருப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு எழுதுவது என் நோக்கமன்று. வடிகால்கள் பொதுப்பணித் துறை, நீர்ப்பாசன வெள்ளக் கட்டுப்பாட்டுத் துறை, மாநகராட்சி, தில்லி வளர்ச்சி ஆணையம், புதுதில்லி நகராட்சிக் குழு என்று பல கைகளில் இருந்தன. ஒரு வடிகாலின் அடிமட்ட உயரத்தை ஒரு துறை ஓர் அடையாளத்திலிருந்தும் மற்றொரு துறை வேறோர் அடையாளத்திலிருந்தும் அளந்திருந்தால், கணினியில் தண்ணீர் மேட்டை நோக்கி ஓடும். சரிவு ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கும் சமநில நகரத்தில் அரை மீட்டர் பிழை போதும், ஓட்டத்தின் திசையே மாறிவிடும். மாதிரி செய்பவருக்குத் தரவின் பிழை தெரிந்திருந்தால் அதைக் கணக்கில் ஏற்றியிருக்கலாம். தரவு பிழையற்றது என்ற பாவனையில் வரும்போதுதான் மொத்த உழைப்பும் ஐயத்துக்கு உள்ளாகிறது. 1976-க்கும் 2025-இல் வெளியான புதிய வடிகால் பெருந்திட்டத்துக்கும் இடையே ஓடிய அரை நூற்றாண்டு, கணிதத்தின் தோல்வியைவிட அளவீட்டின் தோல்வியையே அதிகம் காட்டுகிறது.

அடுத்தது காலம். இரட்டையும் மூலமும் ஒரே கணத்தில் வாழ வேண்டும். இதை மின்கட்டத்தைப்போலக் கண்டிப்பாகக் கற்பிக்கும் ஆசிரியர் வேறில்லை. 1965 நவம்பரில் அமெரிக்க வடகிழக்கில் நேர்ந்த பெரும் மின்தடைக்குப் பிறகு, எம்.ஐ.டி.யின் ஃப்ரெட் ஷ்வெப்பி 1970-இல் நிலை மதிப்பீட்டு முறையை முன்வைத்தார். கட்டத்தின் ஒவ்வொரு முனையிலும் மின்னழுத்தம் எவ்வளவு, எந்தத் தடத்தில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதைப் பிழைகள் கலந்த அளவீடுகளிலிருந்து கணினி தேற்றிச் சொல்லும். டிஜிட்டல் இரட்டை என்ற பெயர் வழங்குவதற்கு வெகு முன்பே பிறந்துவிட்ட இரட்டை அது. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் ஐந்து கோடிப் பேர் இருளில் மூழ்கியபோது அந்த இரட்டை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை விசாரணை அறிக்கை விவரிக்கிறது. இந்தியானாவில் ஒரு 230 கிலோவோல்ட் தடம் துண்டிக்கப்பட்ட செய்தி மத்திய மேற்குப் பகுதியின் மதிப்பீட்டுக் கணினிக்குப் போய்ச் சேரவில்லை. விடை பொருந்தாமல் போகவே அதைச் சரிசெய்த பகுப்பாய்வாளர், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே இயங்கும் ஏற்பாட்டை மீண்டும் முடுக்கிவிட மறந்தார். ஆபத்து வளர்ந்த அந்தப் பிற்பகல் முழுவதும் இரட்டை பெரும்பாலும் கண்மூடிக் கிடந்தது. நம் நாட்டில் 2012 ஜூலை 30 அதிகாலை 2.33 மணிக்கு வட மின்கட்டம் சரிந்தது. மறுநாள் பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்குக் கட்டங்கள் மூன்றும் சேர்ந்து சரிந்தன. சுமார் 60 கோடி மக்கள் வாழும் பரப்பு அது; தில்லி மெட்ரோ நின்றது. விசாரணைக் குழு தன் பரிந்துரைகளில், கட்டுப்பாட்டு மையங்களின் நிலை மதிப்பீட்டு முறையை மறுபரிசீலனை செய்து மேம்படுத்த வேண்டும், பரந்த பகுதி முழுவதும் ஒரே கடிகாரத்தோடு இணைந்த அளவீடுகள் வேண்டும் என்றது. தாமதமாக வரும் உண்மையும் ஒருவகைப் பிழையே. அதற்கும் ஓர் எண் வேண்டும்.

இரட்டை நடவடிக்கையைத் தூண்டத் தொடங்கும்போது மிக நுட்பமான சிக்கல் எழுகிறது. தில்லியின் காற்று இதற்குச் சரியான களம். புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2018-இல் தில்லிக்கான காற்றுத்தர முன்னெச்சரிக்கை அமைப்பைத் தொடங்கியது. 400 மீட்டர்வரை நுணுகிப் பார்க்கும் மாதிரி அது. எந்த மாசு எங்கிருந்து வருகிறது என்று பங்கிட்டுச் சொல்லும் முடிவுத் துணை அமைப்பு 2021-இல் வந்தது. 1,483 சதுர கிலோமீட்டர் பரப்புக்குச் சுமார் 40 தொடர் கண்காணிப்பு நிலையங்கள். ஒரு நிலையத்துக்கு ஏறத்தாழ 37 சதுர கிலோமீட்டர். மாதிரி 400 மீட்டருக்கு ஓர் எண் சொல்கிறது, சரிபார்க்கும் கண் ஆறு கிலோமீட்டருக்கு ஒன்று. உமிழ்வுக் கணக்கேடும் பழசாகிக்கொண்டே இருக்கிறது: பதர்பூர் அனல்மின் நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டது, 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் வாகனப் புகைக்கான பி.எஸ். 6 தரம் வந்தது. இவை ஒவ்வொன்றும் மாதிரியின் அடிப்படை எண்களை மாற்றியிருக்க வேண்டும். இதற்கு மேல்தான் சுழற்சிச் சிக்கல். 2022-இல் திருத்தப்பட்ட படிநிலை நடவடிக்கைத் திட்டம், முன்னறிவிப்பை வைத்து மூன்று நாள் முன்னதாகவே தடைகளைக் கொண்டுவர வழிசெய்தது. காற்று மோசமாகும் என்று மாதிரி சொல்கிறது, கட்டுமானமும் லாரிகளும் நிறுத்தப்படுகின்றன, காற்று அவ்வளவு மோசமாகவில்லை. மாதிரி தவறியதா, தடை பலித்ததா? அளவீடு மட்டும் இதற்கு விடை சொல்லாது. தடை இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதையும் மாதிரியிடமே கேட்க வேண்டியிருக்கிறது. கட்டுப்படுத்தும் செயலும் கற்றுக்கொள்ளும் செயலும் ஒன்றையொன்று குழப்பும் இந்த நிலையை 1960-இலேயே சோவியத் அறிஞர் ஃபெல்ட்பாம் இரட்டைக் கட்டுப்பாடு என்ற தலைப்பில் ஆராய்ந்தார். மறுபக்கமும் உண்டு. 2024 நவம்பரில் காற்றுத்தரக் குறியீடு 450-ஐத் தாண்டிய பிறகும் நான்காம் நிலைத் தடைகள் தாமதமானது ஏன் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. நிலைமை தணியும் என்ற முன்னறிவிப்பை நம்பிக் காத்திருந்ததாகப் பதில் வந்தது. ஒரு கணிப்பை எத்தனை நாள் நம்பலாம் என்ற கேள்வி நீதிமன்றப் படியேறிவிட்டது. அந்தக் கணிப்போடு அதன் பிழை வரலாறும் சட்டபூர்வமாக இணைந்திருந்தால், காத்திருப்பதா வேண்டாமா என்பதை ஒரு விதியாகவே முன்கூட்டி எழுதிவைத்திருக்க முடியும்.

இங்கே இன்றைய இளைஞர்கள் எழுப்பும் முதல் மறுப்பை எதிர்கொள்கிறேன். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, தரவைக் கொட்டினால் போதும், சமன்பாடும் பிழைக் கணக்கும் எதற்கு என்று கேட்கிறார்கள். இந்த முறைகளின் பயனை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முழு நீரியக்கச் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கு மணிக்கணக்கில் ஆகும் இடத்தில், அந்தத் தீர்வுகளைப் பார்த்துப் பழகிய பதிலி மாதிரி நொடியில் விடை தருகிறது. வெள்ளம் வரும்போது அந்த வேகம் உயிர் காக்கும். ஆனால் பதிலி மாதிரி தான் கண்ட எல்லைக்குள் மட்டும் கெட்டிக்காரன். 2023 ஜூலைக்கு முன் தில்லி யமுனையின் எந்தப் பதிவிலும் 208 மீட்டர் என்ற எண் கிடையாது. 207.49-க்குள் கற்றுக்கொண்ட மாதிரி, 208.66-ஐப் பற்றிச் சொல்லும் சொல் கணிப்பாகாது, நீட்சியாகும். பேரிடர் என்பதே பதிவுக்கு வெளியே நிகழ்வது. நீர் காற்றில் மறையாது, மேட்டை நோக்கி ஓடாது, உள்ளே வந்தது வெளியேற வேண்டும் அல்லது தேங்க வேண்டும் என்ற இயற்பியல் கட்டுப்பாடுகள் அந்த அறியாத பரப்பிலும் பொய்க்காமல் நிற்கும். ஆகவே தரவும் சமன்பாடும் சேர்ந்து உழைக்க வேண்டும். அதைவிட முக்கியம், மாதிரி தான் பழகிய எல்லையைத் தாண்டிவிட்டதை உணர்ந்து உரக்கச் சொல்ல வேண்டும். நுண்ணறிவு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பிழைக் கணக்கின் தேவையும் கூடுகிறது.

தொழில் உலகத்துக்கு வருவோம். விமான எஞ்சின்களில் இத்தொழில்நுட்பம் வெற்றி கண்டிருக்கிறது, பிறகு நகரத்தில் மட்டும் ஏன் தயங்க வேண்டும் என்று கேட்கலாம். எஞ்சினில் ஏன் வென்றது என்று பார்த்தால் விடை கிடைக்கும். ஒரே வடிவமைப்பில் ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் பறக்கின்றன. ஒன்றில் கற்றது மற்றொன்றுக்கு உதவும். வடிவமைத்தவரும் உணரி பொருத்தியவரும் தரவைப் பெறுபவரும் ஒரே நிறுவனம். பறக்கும் மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் ஒப்பந்த முறை பிரிட்டனில் 1962-லேயே தொடங்கிவிட்டது. எஞ்சின் நின்றால் இழப்பு செய்தவருக்கு. அதாவது, மாதிரியின் பிழைக்கு விலை கொடுப்பவர் மாதிரியின் சொந்தக்காரர். அதனால் பிழையைக் குறைக்கும் ஆர்வம் அவருக்கு இயல்பாகவே உண்டு. நகரத்தில் நிலைமை வேறு. மென்பொருளைச் செய்து கொடுப்பவர் ஒருவர், தரவு தருபவை பல துறைகள், முடிவெடுப்பவர் ஓர் அதிகாரி, மாதிரி பிழைத்தால் மூழ்குபவர் யமுனைக் கரைக் குடிசைவாசி. பிழையின் விலை அதைத் திருத்தக்கூடிய எவர் மடியிலும் விழுவதில்லை. எஞ்சின் தொழிலில் சந்தை செய்த வேலையை நகரத்தில் பொது விதிதான் செய்ய வேண்டும். மாதிரியின் கணிப்பையும் பின்னர் நிகழ்ந்ததையும் அருகருகே வைத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை அந்த விதியின் உயிர்நாடி.

தரவைப் பகிரச் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2011-இலேயே தில்லி தன் நிலவியல் தரவுக் கட்டமைப்புக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. 2021-இல் மத்திய அரசு வரைபடத் தரவு விதிகளைத் தளர்த்தியது. 2022-இல் தேசிய நிலவெளிக் கொள்கை வந்தது. உற்பத்தித் துறை டிஜிட்டல் இரட்டைகளுக்கு ஐ.எஸ்.ஓ. 23247 என்ற சர்வதேசத் தரமும் 2021 முதல் உண்டு. ஆனால் பகிர்வது ஒன்று, பகிர்வதன் தரத்தைச் சொல்வது வேறு. ஓர் எண்ணை எப்போது, எந்தக் கருவியால், எந்த அடையாளத்திலிருந்து அளந்தார்கள், கருவியை எப்போது கடைசியாகச் சரிபார்த்தார்கள் என்ற குறிப்புகள் இல்லாமல் வரும் தரவு, கால்மனின் கணக்கில் நுழையத் தகுதி பெறுவதில்லை. கொள்முதல் முறையிலும் இதே குறை. ஏலத்தில் திரையும் மென்பொருளும் வாங்கப்படுகின்றன. பத்தாண்டு காலம் உணரிகளைத் துடைத்து, ஒப்பிட்டு, மாற்றும் வேலைக்குத் தனித் தலைப்பு அரிதாகவே இடம்பெறுகிறது. ஓக்லா, பவானா போன்ற தொழிற்பேட்டைகளின் சிறு ஆலைகளுக்கு இச்சுமை இன்னும் கனமானது. அவர்களுக்கு முழு ஆலையின் இரட்டை தேவையில்லை; ஒரு கொதிகலன், ஓர் அமுக்கி, அதன் நான்கைந்து முறையான அளவீடுகள் போதும். சிறியதும் சரிபார்க்கப்பட்டதுமான இரட்டை, பெரியதும் சரிபார்க்கப்படாததுமானதைவிட மேல்.

இரண்டாவது மறுப்பு நிர்வாகிகளிடமிருந்து வருகிறது. பிழையை வெளியிட்டால் மக்கள் நம்பிக்கை போய்விடும், ஓர் அதிகாரி ‘இவ்வளவு முதல் இவ்வளவுவரை’ என்ற விடையை வைத்துக்கொண்டு மதகைத் திறப்பாரா மூடுவாரா என்கிறார்கள். இதற்கு நம் நாட்டிலேயே தெளிவான மறுமொழி இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை புயலின் பாதையை ஒற்றைக் கோடாகச் சொல்வதோடு நிற்பதில்லை. நாள் செல்லச் செல்ல விரியும் கூம்பாகவும் வரைந்து காட்டுகிறது. ஒவ்வொரு புயலுக்கும் தன் பாதைக் கணிப்பு எத்தனை கிலோமீட்டர் தவறியது என்று கணக்கிட்டு ஆண்டறிக்கையில் அச்சிடுகிறது. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013-இல் ஃபைலின் புயல் வந்தபோது லட்சக்கணக்கானோர் முன்னதாகவே இடம்பெயர்ந்தார்கள். உயிரிழப்பு பத்துகளில் நின்றது. முகாம்களும் சாலைகளும் நிர்வாகத்தின் உழைப்பும் அதற்குக் காரணம். முன்னறிவிப்பின் மேல் வளர்ந்த நம்பிக்கையும் காரணம். கூம்பைக் கண்டு மீனவர் எவரும் வானிலைத் துறையைக் கைவிடவில்லை. அதிகாரிக்கும் வீச்சு உதவவே செய்கிறது. மட்டம் 206 மீட்டர் ஆகும் என்ற ஒற்றை எண்ணைவிட, 206.5-ஐத் தாண்ட ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்ற செய்தி, எந்தத் தெருவை எப்போது காலி செய்வது என்று முடிவெடுக்கக் கூடுதல் பிடி கொடுக்கும்.

மூன்றாவது மறுப்பு செலவு. ஏழை நாட்டுக்கு இத்தனை உணரிகளும் கணக்கும் கட்டுமா? கணினி ஆற்றல் நம்மிடம் இருக்கிறது: 2024 செப்டம்பரில் புனேயில் அர்கா, தில்லியை ஒட்டிய நொய்டாவில் அருணிகா என வானிலைக்கென்றே இரண்டு மீத்திறன் கணினிகள் தொடங்கிவைக்கப்பட்டன. 2025-இன் தில்லி வடிகால் பெருந்திட்டத்துக்கான மதிப்பீடு சுமார் 57,000 கோடி ரூபாய். அத்தனை கோடிக்குத் தோண்டப் போகும் நகரம், தோண்டுமுன் எங்கே எவ்வளவு ஆழம் என்று உறுதியாக அளப்பதற்கு அதில் சிறு பங்கை ஒதுக்குவது ஆடம்பரமாகாது. 2023-இல் அடைபட்ட மதகுகளைத் திறக்க ராணுவமும் கடற்படையும் வரவேண்டியிருந்தது. ஒவ்வொரு பருவமழைக்கும் முன்னால் ஒவ்வொரு மதகையும் ஏற்றி இறக்கிப் பதிவுசெய்யும் வழக்கம், எந்த உயர் தொழில்நுட்பமும் இல்லாமலே, மாதிரியின் மிகப்பெரிய பிழைகளில் ஒன்றை நீக்கிவிடும். முழு நகரத்தின் இரட்டையை ஒரே மூச்சில் கட்ட வேண்டியதில்லை. பல பருவமழைகளில் தண்ணீர் தேங்கிய மின்டோ பாலத்தடியையும் அதற்கு நீர் கொண்டுவரும் தெருக்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு, மழைமானிகளும் மட்டமானிகளும் பொருத்தி, இரண்டு பருவமழைகள் கணிப்பையும் நிகழ்ந்ததையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தால், இத்தொழில்நுட்பத்தின் தகுதி ஊரறியத் தெரிந்துவிடும்.

நிறைவாக, இந்த அவையிலிருக்கும் மூன்று தரப்பினரிடம் மூன்று வேண்டுகோள்கள். கணிதம் பயிலும் மாணவர்களே, விடையைக் கண்டுபிடிப்பதோடு நிற்காதீர்கள். விடையின் பிழையை மதிப்பிடும் கலையைப் படியுங்கள். இந்த நாட்டுக்கு வரும் இருபது ஆண்டுகளில் அந்தத் திறமை ஏராளமாகத் தேவைப்படும். தொழில்துறையினரே, டிஜிட்டல் இரட்டையை விற்கும்போது அதன் பிழைப் பதிவேட்டையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் சேர்த்தே விற்க முன்வாருங்கள். அவையில்லாத பொருளை நீங்களே வாங்க மாட்டீர்கள். அரசுப் பொறுப்பில் இருப்பவர்களே, பொதுப்பணத்தில் உருவாகும் ஒவ்வொரு டிஜிட்டல் இரட்டையும் தன் முந்தைய ஆண்டின் கணிப்புகளையும் அவற்றின் பிழைகளையும் வெளியிட வேண்டும் என்ற ஒற்றை வரியை ஒப்பந்த விதிகளில் சேருங்கள். புதிய சட்டம் தேவையில்லை, புதிய நிறுவனம் தேவையில்லை. அந்த ஒரு வரி அடுத்த பருவமழைக்கு முன் எழுதப்பட வேண்டும்.